மூன்றாம் தடம்

கடலூர் தாண்டி, சிதம்பரம் சாலைச் சுங்கச்சாவடியில்
எனக்கு இரவுப் பணி.
வண்டி வரும். கண்ணாடிப் பட்டை பீப் என்னும்.
கட்டை எழும்.
முகம் பார்க்கத் தேவையில்லை, பார்ப்பதுமில்லை.

இடைவெளிகளில் நான் ஒரு மருத்துவச்சி.
ஆம், மருத்துவச்சி. நாலு வருடத்துக்கு முன்
அந்தப் பச்சை அங்கி பிடித்திருந்தது.
பெயர் ஆலா. நிலை எழுபத்திரண்டு.
எவர் காயத்தையும் ஆற்றுவேன்,
தனியாக ஒரு முயலைக்கூடக் கொல்ல வராது.

பனிவாய்க் கணவாயில் ஒரு கரடி.
அதைத் தாண்ட ஐந்து பேர் வேண்டும் அப்போது.
ஆள் சேரும் வரை தீமூட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்,
சில நாள் நாற்பது நிமிடம், சில நாள் ஒன்றரை மணி.
செய்ய ஒன்றுமில்லாததால் பேசினோம்.
கேடயம் ஏந்தும் இரும்பன்
பரங்கிப்பேட்டை நிஜாமுதீன் என்பதும்
செவ்வாய் வெள்ளி அவன் வாப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதும்
ஆகவே அவ்விரு நாளும் கரடி பிழைத்துக்கொள்ளும் என்பதும்
அப்படித்தான் தெரியும்.
வில்லாளி, மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டர், புனிதவதி.
நோயாளி வாயைத் திறந்திருக்க
ஒருமுறை அம்பு விட்டவர்.
வெள்ளிக் கடற்கரையில் சந்திக்க
மூன்று தடவை நாள் குறித்தோம்.
மூன்று தடவையும் புயல் சின்னம்.

பிறகொரு புதன்கிழமை, பராமரிப்பு முடிந்து திறந்தால்
திரை மூலையில் ஒரு கடை.
உங்கள் நேரம் மதிப்புமிக்கது, என்றது.
எண்பது நீலக்கல் எண்பத்தொன்பது ரூபாய்.
இறக்கைக் குதிரை தொண்ணூறு கல்.
ஒரு பொதி வாங்கினால் பத்து குறையும்,
இரண்டு வாங்கினால் எழுபது மிஞ்சும்.
மடியில் கனம். வழியில் பயமில்லை,
வழியே இல்லை.

அடுத்த மாதம் காயம் ஆற்றும் குப்பி, ஐந்து கல்.
அன்றிலிருந்து ஆலாவை யாரும் கூப்பிடவில்லை.
கரடியையும் தனியாள் கொல்லும் அளவுக்கு இளைக்கவைத்தார்கள்
(மருத்துவச்சிக்கு அதுவும் எட்டாது).
தீமூட்டம் மட்டும் எரிகிறது,
அணைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

"எனக்கு நல்லதுதான் ஆலா," என்றார் புனிதவதி.
"ராத்திரி பத்து நிமிஷம்தான் கெடைக்குது.
அதையும் குந்தவச்சுக் கழிக்கவா?"
நீளமாக ஒரு பதில் அடித்தேன்.
அழித்துவிட்டுக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன்.

நானும் வாங்கினேன்.
ஐப்பசி மழை, பின்னிரவு மூன்று மணி,
ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவே
இரண்டு பொதி.
நாலு நொடியில் கணவாய் கீழே போயிற்று.
அந்தப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது
யார்மேலும் படாமல்.

அப்போது மூன்றாம் தடத்தில் பீப் வரவில்லை.
முந்திரி மூட்டை ஏற்றிய வண்டி.
பட்டையில் பத்து ரூபாய் இருப்புக் குறைவு.
விதிப்படி இரட்டிப்பு. கேட்டேன்.
ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார், மீசையில் மழை.
"ரோடு அதே ரோடுதான தம்பி?"
அதே ரோடுதான்.
அவர் கொடுத்த நோட்டுகள் நனைந்து ஒட்டியிருந்தன.
ஒவ்வொன்றாய்ப் பிரித்து முடிப்பதற்குள்
பெயர் கலியமூர்த்தி, மகளுக்கு நாளை நிச்சயம்,
வேப்பூரில் டயர் போய் இரண்டு மணிநேரம் வீண்,
மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் கறார்.
பின்னால் ஹாரன்.
"வரட்டா" என்றார், உறவுக்காரரிடம் சொல்வதுபோல.
இரட்டிப்பு ரசீது அவர் பையில்.

குதிரையைவிட்டு இறங்கி
கணவாய்க்கு நடந்தே திரும்பினேன்.
இளைத்த கரடிதான். இருந்தும்
மருத்துவச்சிக்கு ஒரே அடி போதும்.
உடனே எழ மூன்று கல்,
இல்லையேல் முப்பது நிமிடம், என்றது திரை.
என்னிடம் எழுபது இருந்தன.

தீமூட்டத்தருகே விழுந்து கிடந்தேன்.
நிஜாமுதீன் வரமாட்டான்,
விடிந்தால் வெள்ளி.
இருபத்தொன்பது, என்றது.
பீப்.